எல்லப்பிரகட சுப்பாராவ்

எல்லப்பிரகட சுப்பாராவ் (ஜனவரி 12, 1895 – ஆகஸ்ட் 1948) சென்னை மாகாணத்தில் பிறந்து, சென்னையில் மருத்துவம் பயின்று, ஐக்கிய அமெரிக்காவில் ஆய்வு செய்த உயிர்வேதியியல் அறிஞர் ஆவார். உடற்பொருட்களில் பாஸ்பரசை அளவிடும் முறை, தசையின் ஆற்றல் மூலமான ஏ.டி.பி. (அடினோசின் டிரைபாஸ்பேட்) கண்டுபிடிப்பு, ஃபோலிக் அமிலத்தின் செயற்கை ஆக்கம், யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசீன், புற்றுநோய்க்கு எதிரான தொடக்ககால வேதி மருந்துகளுள் ஒன்றான அமினோப்டெரின் ஆகியவற்றோடு இவர் பெயர் தொடர்புடையது. அமினோப்டெரினின் மிக நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்சேட், சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படைக்கு உலகெங்கும் கொடுக்கப்படும் மருந்தாகும். இவற்றுள் ஃபோலிக் அமிலத்தையும் அதிலிருந்து கிளைத்த மருந்துகளையும் புரிந்துகொள்ள, இவரது குடும்பத்தைத் தாக்கிய ஸ்ப்ரூ என்னும் குடல் நோயிலிருந்து தொடங்குவது பொருத்தமானது.

இளமை

சுப்பாராவ் இன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள பீமவரத்தில், தெலுங்கு பேசும் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜகந்நாதம் வருவாய்த்துறையில் பணியாற்றியவர், தாய் வெங்கம்மா. சிறு வயதில் படிப்பில் நாட்டம் குறைவு. பதின்மூன்று வயதளவில் உறவுக்காரச் சிறுவன் ஒருவனோடு வீட்டை விட்டு வெளியேறி, காசிக்குச் சென்று யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருள் சேர்க்கத் திட்டமிட்டார். வழியிலேயே பிடிபட்டு வீடு திரும்பினார். தந்தையின் மறைவுக்குப் பின் தாய் தம் நகைகளை விற்றுப் படிக்க வைத்ததாகச் சொல்லப்படுகிறது. ராஜமுந்திரியில் படித்தபோது தேர்வில் தோற்றவர், சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்து, மூன்றாவது முயற்சியில் மெட்ரிக்குலேஷன் தேறினார்.

பின்னர் மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தார். இக்காலத்தில் ராமகிருஷ்ண மடத்தின் மீது ஈடுபாடு கொண்டு துறவு பூண விரும்பினார். மடத்தினர் இவரை மருத்துவத்தின் வழியே தொண்டு செய்யுமாறு திருப்பிவிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரிப் படிப்புக்கு நண்பர்களும், பின்னாளில் மாமனாரான கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தியும் பொருளுதவி செய்தனர். 1919 ஆம் ஆண்டில் சேசகிரி என்பவரை மணந்தார்.

கதர் அங்கி

அந்நியப் பொருட்களைப் புறக்கணிக்குமாறு காந்தி விடுத்த அழைப்பை ஏற்று, சுப்பாராவ் அறுவைச் சிகிச்சை அறையிலும் கதரால் ஆன அங்கியை அணிந்து வந்தார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு இது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளில் சுப்பாராவ் நன்றாகவே எழுதியிருந்தும், இவருக்கு எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதைவிடத் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். சான்றிதழே வழங்கப்பட்டது. அக்காலத்தில் இவ்விரண்டுக்கும் இடையே இருந்த வேறுபாடு பெயரளவிலானதன்று. அரசு மருத்துவப் பணியில் சேர இவர் செய்த முயற்சி பலிக்கவில்லை.

ஸ்ப்ரூ

ஏறக்குறைய இதே காலத்தில் இவருடைய அண்ணனும் தம்பியும் சில நாட்கள் இடைவெளியில் அடுத்தடுத்து இறந்தனர். இருவருக்கும் வந்தது வெப்பமண்டல ஸ்ப்ரூ. நிற்காத வயிற்றுப்போக்கு, நாக்கில் புண், சாப்பிட்டும் உடம்பில் ஒட்டாமை, இரத்தசோகை, மெலிவு என்பன இந்நோயின் குறிகள். ஆயுர்வேதத்தில் கிரகணி என்றும் தமிழில் கிராணி என்றும் வழங்கும் நோய்களுள் இதுவும் அடங்கும். சிறுகுடலின் உட்புறத்தில் உணவை உறிஞ்சும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் தேய்ந்துபோவதால் உணவின் சத்து இரத்தத்தில் சேர்வதில்லை. அன்று இதற்கு முறையான மருந்து எதுவும் இருக்கவில்லை.

சுப்பாராவையும் இந்நோய் பற்றியது. இவரைக் குணப்படுத்தியவர் சென்னையில் வாழ்ந்த டாக்டர் ஆசண்ட லட்சுமிபதி ஆவார். லட்சுமிபதி மேலை மருத்துவம் படித்த பின் ஆயுர்வேதத்துக்கு வந்தவர். வேலையின்றி இருந்த சுப்பாராவ், லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியிலேயே உடற்கூற்றியல் விரிவுரையாளராகச் சேர்ந்தார். ஆயுர்வேத மருந்துகளின் பயனை நேரில் கண்டவர் என்பதால், அவற்றைத் தற்கால அறிவியல் முறைப்படி ஆராய விரும்பினார். அதற்கான வசதி சென்னையில் இல்லை. அங்கு வந்திருந்த அமெரிக்க மருத்துவர் ஒருவரைச் சந்தித்த பின், வெப்பமண்டல மருத்துவம் படிக்க ஐக்கிய அமெரிக்கா செல்லத் தீர்மானித்தார். காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறநிலையமும் மாமனாரும் பயணத்துக்கு உதவினர். கருவுற்றிருந்த மனைவியை ஊரில் விட்டு, சில ஆண்டுகளில் திரும்பிவிடும் எண்ணத்துடன் 1920களின் தொடக்கத்தில் கப்பலேறினார். பிறந்த மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். சுப்பாராவ் இந்தியாவுக்குத் திரும்பவே இல்லை.

ஹார்வர்டில்

பாஸ்டன் நகரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சேர்ந்தபோது கையில் பணம் அதிகம் இல்லை. அப்பள்ளியின் தலைவர் ரிச்சர்ட் ஸ்ட்ராங் உதவினார். இவரிடமிருந்த சான்றிதழ் அமெரிக்காவில் மருத்துவராகப் பணிபுரியப் போதுமானதாக இல்லை. எனவே ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியாளாகச் சேர்ந்து நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவினார்.

பட்டயப் படிப்பு முடிந்ததும் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் ஆய்வில் சேர்ந்தார். 1925 ஆம் ஆண்டில் இருவரும் வெளியிட்ட பாஸ்பரஸ் அளவீட்டு முறை, ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை என்றே பாடநூல்களில் வழங்குகிறது. உயிர்வேதியியல் மாணவர்கள் இவர் பெயரை முதலில் கேள்விப்படுவது பெரும்பாலும் இந்தச் செய்முறையில்தான். அதே முறையைக் கொண்டு தசையை ஆராய்ந்தபோது 1927 ஆம் ஆண்டில் பாஸ்போகிரியேட்டினையும், 1929 ஆம் ஆண்டில் ஏ.டி.பி.யையும் கண்டனர். ஏறத்தாழ அதே நேரத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். தசை சுருங்குவதற்கான ஆற்றல் லாக்டிக் அமிலம் உண்டாவதிலிருந்து வருகிறது என்ற விளக்கத்துக்கு உரிய ஹில், மையர்ஹாஃப் ஆகியோருக்கு 1922 ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டிருந்தது. இப்புதிய கண்டுபிடிப்புகள் அவ்விளக்கத்தை மாற்றியெழுத வைத்தன.

1930 இல் முனைவர் பட்டம் பெற்றார். ஆயினும் ஹார்வர்டில் நிலையான பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. தம் பங்கை முன்னிறுத்தாமல் ஃபிஸ்கின் பெயருக்குப் பின்னால் நிற்பதே இவர் இயல்பாக இருந்தது. சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருட்களைப் பிற்காலத்தில் மற்றவர்கள் மீண்டும் கண்டுபிடிக்க நேர்ந்ததென்றும், அவை உரிய காலத்தில் வெளிவராததற்கு ஃபிஸ்கின் பொறாமையே காரணம் என்றும், அதே துறையில் மாணவராக இருந்தவரும் 1988 இல் நோபல் பரிசு பெற்றவருமான ஜார்ஜ் ஹிட்சிங்ஸ் கருதினார்.

ஃபோலிக் அமிலம்

1940 இல் சுப்பாராவ் ஹார்வர்டை விட்டு, நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குச் சென்றார். அங்கு ஆய்வுப் பிரிவின் இயக்குநரானார். ஒரு மருந்து நிறுவனத்தின் பணமும் ஆளும் அவர் கைக்கு வந்த பின் நடந்தவை எட்டே ஆண்டுகளுக்குள் அடங்குகின்றன.

ஸ்ப்ரூவில் வரும் இரத்தசோகைக்கும் வேறு சில இரத்தசோகைகளுக்கும் கல்லீரல் சாறு பயன் தருவது அப்போது தெரிந்திருந்தது. அதிலுள்ள பொருள் எது என்பதே கேள்வி. இக்கேள்வியின் ஒரு நுனி இந்தியாவில் இருந்தது. 1928 முதல் பம்பாயில் பணியாற்றிய ஆங்கில மருத்துவர் லூசி வில்ஸ், ஏழைக் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தசோகை ஈஸ்ட் சாற்றால் குணமாவதைக் கண்டு எழுதியிருந்தார். 1941 இல் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டன் கணக்கான பசலைக் கீரையிலிருந்து சிறிதளவு பொருளைப் பிரித்து, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். கீரையிலிருந்தும் கல்லீரலிலிருந்தும் எடுக்கும் இத்தகைய அளவைக் கொண்டு நோயாளிகளுக்குக் கொடுக்க முடியாது. 1945 ஆம் ஆண்டில் சுப்பாராவின் குழுவினர் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினர். அதன் மூலக்கூற்று அமைப்பும் அப்போதுதான் உறுதியானது.

அம்மருந்தை டாம் ஸ்பைஸ் என்ற அமெரிக்க மருத்துவர் கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். நாக்குப் புண் ஆறியது, இரத்தம் ஊறியது, பசி திரும்பியது. சுப்பாராவின் சகோதரர்கள் இறந்து அப்போது ஏறத்தாழக் கால் நூற்றாண்டு கடந்திருந்தது.

ஃபோலிக் அமிலம் மட்டும் எல்லா ஸ்ப்ரூ நோயாளிகளையும் முற்றிலும் குணப்படுத்தவில்லை என்பதும் பிறகு தெரியவந்தது. பலருக்கு அதனுடன் டெட்ராசைக்ளின் வகை நுண்ணுயிர் எதிர்ப்பியையும் சில மாதங்கள் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வகையில் முதலாவதான ஆரியோமைசினும் லெடர்லி ஆய்வகத்தில், சுப்பாராவ் இயக்குநராக இருந்த காலத்தில், பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளரால் கண்டுபிடிக்கப்பட்டதே. தமிழ்நாட்டில் 1960களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலப் பரவியதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் செல்வின் பேக்கர், மாத்தன் ஆகியோர் விரிவாக ஆராய்ந்தனர்.

லெடர்லியின் இன்னொரு மருந்தான டைஎத்தில்கார்பமசீன் (ஹெட்ராசான்) 1947 இல் வெளிவந்தது. யானைக்கால் நோய்க்கான ஒட்டுண்ணிப் புழுக்களை இது அழிக்கும். இந்தியாவில் 1990களின் பிற்பகுதியிலிருந்து யானைக்கால் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் வீடு வீடாக வழங்கப்பட்ட மாத்திரை இதுவே.

எதிர் மருந்துகள்

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகைப் பொருட்களைக் கொடுத்தபோது நோய் விரைந்து முற்றுவதாக அவருக்குத் தோன்றியது. அப்படியானால் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் பொருள் நோயை அடக்கலாம் என்று எண்ணினார். ஹார்வர்டு நாட்களிலிருந்தே அறிமுகமான சுப்பாராவ் அத்தகைய பொருட்களை அனுப்பினார். ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோற்றமளித்து, செல்லுக்குள் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டு, வேலையை மட்டும் செய்யாதிருப்பவை இவை. அவற்றுள் அமினோப்டெரின் கொடுக்கப்பட்ட 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததாக ஃபார்பர் 1948 ஜூனில் அறிவித்தார். அதுவரை சில வாரங்களில் இறப்பைத் தவிர வேறு முடிவில்லாதிருந்த நோய் அது.

இதே குழுவினர் அமினோப்டெரினில் ஒரு சிறு மாற்றம் செய்து ஆக்கிய பொருளே மெத்தோட்ரெக்சேட்.

மறைவு

1948 ஆகஸ்ட் மாதத்தில் சுப்பாராவ் தூக்கத்திலேயே மாரடைப்பால் காலமானார். அப்போது வயது 53. ஃபார்பரின் கட்டுரை வெளிவந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. இந்தியர்கள் அமெரிக்கக் குடியுரிமை பெற 1946 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்திருந்தும் இவர் அமெரிக்கக் குடிமகனாகவில்லை.

சொரியாசிஸ் மருந்து

சுப்பாராவ் தோல் நோய் எதையும் ஆராய்ந்தவரல்லர். 1951 இல் கப்னர் என்ற அமெரிக்க மருத்துவரும் சகாக்களும் மூட்டுவாத நோயாளிகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தபோது, அவர்களில் சொரியாசிஸும் இருந்தவரின் தோல் தெளிவடைந்ததைக் கவனித்தனர். 1958 இல் எட்மண்ட்சன், கை ஆகியோர் மெத்தோட்ரெக்சேட்டைச் சொரியாசிஸுக்குக் கொடுத்த அனுபவத்தை வெளியிட்டனர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசு இப்பயன்பாட்டுக்கு ஒப்புதல் அளித்தது.

இயல்பான தோலின் மேற்புறச் செல்கள் உருவாகி உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸ் படையில் இது சில நாட்களுக்குள் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் அடுக்கடுக்காகக் குவிந்து வெள்ளிநிறச் செதிலாக உதிர்கின்றன. மெத்தோட்ரெக்சேட் இவ்வேகத்தைக் குறைப்பதால்தான் பயன்படுகிறது என்று முதலில் எண்ணினர். தோலைத் தவறாகத் தாக்கும் நோய் எதிர்ப்புச் செல்களை இது அடக்குவதே முக்கியக் காரணம் என்பது பின்னர் ஏற்கப்பட்டது.

திருச்சிராப்பள்ளியிலோ திருவரங்கத்திலோ ஒரு சொரியாசிஸ் நோயாளி மருந்துச்சீட்டுடன் கடைக்குப் போனால், பெரும்பாலும் இரண்டு மாத்திரைகள் வாங்கி வருவார். வாரம் ஒருநாள் உண்ண வேண்டிய மெத்தோட்ரெக்சேட் ஒன்று. அதன் பக்கவிளைவுகளைக் குறைக்க மற்ற நாட்களில் உண்ணும் ஃபோலிக் அமிலம் மற்றொன்று. இரண்டும் சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்து வந்தவை. ஒன்று மற்றொன்றுக்கு எதிரி. இதில் வாரம் ஒருமுறை என்பதைத் தினம் ஒருமுறை எனப் பிறழ உணர்ந்து உண்டவர்கள் எலும்பு மச்சை செயலிழந்து இறந்ததும் உண்டு. கருவுற்ற பெண்களுக்கு இம்மருந்து கொடுக்கப்படுவதில்லை. மது அருந்துவோருக்குக் கல்லீரல் கெடும் இடர் அதிகம். இந்த அச்சத்தினாலேயே பலர் மருந்தைத் தவிர்த்து, உணவுக் கட்டுப்பாட்டால் நோயைத் தீர்க்க முடியுமா என்று தேடுகின்றனர். அத்தேடலில் முதலில் எதிர்ப்படுவது கோதுமை விலக்கு. அதன் வரலாறும் ஸ்ப்ரூ என்ற சொல்லிலேயே தொடங்குகிறது.

இன்னொரு ஸ்ப்ரூ

வெப்பமண்டலத்தைச் சேராத நாடுகளிலும் இதே குறிகளுடன் ஒரு நோய் இருந்தது. குழந்தைகளில் சீலியாக் நோய் என்றும், பெரியவர்களில் வெப்பமண்டலமல்லாத ஸ்ப்ரூ என்றும் அது அழைக்கப்பட்டது. அங்கும் அதே குடல் நீட்சிகளே தேய்ந்தன. ஆனால் ஃபோலிக் அமிலம் கொடுப்பது அங்கு நோயைத் தீர்க்கவில்லை. காரணம் வேறு என்பதைக் காட்டியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. கோதுமையை விலக்கினால் இக்குழந்தைகள் தேறுவதை அவர் 1930களிலிருந்தே கவனித்து வந்தார். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் நாட்டில் ரொட்டி கிடைக்காமற்போனபோது அவரது ஐயம் வலுப்பெற்றது. 1950 இல் அதை முனைவர் பட்ட ஆய்வேடாக எழுதினார். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்னும் பசைத்தன்மையுள்ள புரதமே குற்றவாளி என்று அவரும் சகாக்களும் நிறுவினர். ஆக, ஒரே பெயரில் அழைக்கப்பட்ட இரு நோய்களுள் ஒன்று குறைந்த பொருளைக் கொடுப்பதாலும், மற்றொன்று ஒவ்வாத பொருளை எடுப்பதாலும் தீர்ந்தன.

சொரியாசிஸ் உள்ளவர்களிடையே சீலியாக் நோய் மற்றவர்களைவிடச் சற்று மிகுதியாகக் காணப்படுகிறது. சுவீடனில் மிக்கேல்சனும் சகாக்களும் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. குளூட்டனின் ஒரு கூறான கிளையடினுக்கு எதிரான நோய் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்த 33 சொரியாசிஸ் நோயாளிகளும், அது இல்லாத 6 பேரும் மூன்று மாதங்கள் குளூட்டன் இல்லா உணவு உண்டனர். முதல் பிரிவினரில் படை குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது. இரண்டாம் பிரிவினரில் குறையவில்லை. முதல் பிரிவில் இறுதிவரை நின்ற 30 பேரில் 18 பேருக்குப் பழைய உணவுக்குத் திரும்பியதும் நோய் மீண்டும் மோசமடைந்தது. இது சிறிய ஆய்வு. எனினும் அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளை 2018 இல் வெளியிட்ட பரிந்துரையும் இதே திசையிலேயே இருக்கிறது. இரத்தப் பரிசோதனையில் குளூட்டன் ஒவ்வாமைக்கான குறிகள் உள்ளவர்களுக்கு மட்டுமே இவ்வுணவை அது பரிந்துரைக்கிறது. உடற்பருமன் உள்ள நோயாளிகள் எடையைக் குறைப்பதையே அது அதிகம் வலியுறுத்துகிறது.

இந்தியாவில் 2016 இல் வெளியான பல மைய ஆய்வு ஒன்றில் சீலியாக் நோய் வடக்கில் 1.23 விழுக்காடாகவும், தெற்கில் 0.10 விழுக்காடாகவும் இருந்தது. தெற்குக்கான மாதிரி வேலூரில் எடுக்கப்பட்டது. காவிரிக்கரையில் நெல்லே தலைமை உணவு. திருவரங்கம் கோயிலில்கூடக் கோதுமை ரொட்டி துலுக்க நாச்சியார் சன்னதிக்குரிய தனித்த படையலாகவே அறியப்படுகிறது. இதனால் இட்லி, சோறு, கேழ்வரகு, கம்பு உண்பவருக்குக் கோதுமை விலக்கு எளிது என்று தோன்றலாம். ஆனால் பரோட்டா, ரவை, சேமியா, பிஸ்கட், மால்ட் பானங்கள் ஆகியவற்றை விட்டாலும், சாம்பாரிலும் ரசத்திலும் இடும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். சீலியாக் நோய் உறுதியானவர்கள் இதையும் பார்க்க வேண்டியுள்ளது. கோதுமையை நிறுத்திய பின் இரத்தப் பரிசோதனை செய்தால் நோய் இருந்தும் இல்லையெனக் காட்டக்கூடும். ஆகையால் பரிசோதனை முதலிலும் உணவு மாற்றம் பின்னரும் அமைய வேண்டும். மெத்தோட்ரெக்சேட் உண்பவர் உணவை மாற்றியதால் மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவதும் ஏற்கத்தக்கதன்று.

நினைவு

சுப்பாராவின் பெயரால் 1953 இல் ஒரு பூஞ்சைப் பேரினத்துக்குச் சுப்பாரோமைசிஸ் எனப் பெயரிடப்பட்டது. நூற்றாண்டை ஒட்டி 1995 இல் இந்திய அஞ்சல்துறை இவர் உருவம் பொறித்த அஞ்சல்தலையை வெளியிட்டது. ஃபோலிக் அமிலமும் மெத்தோட்ரெக்சேட்டும் டைஎத்தில்கார்பமசீனும் உலக நலவாழ்வு அமைப்பின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இடம்பெற்றுள்ளன.